பேனாவை மூடுமுன் ஓர் ஐந்தொகை

காரைக்காலில் அரசு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. தஞ்சாவூர்க்காரருக்கு மாறுதல் உத்தரவு வந்தால் கும்பகோணமோ பட்டுக்கோட்டையோ. காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீட்டுச் சாப்பாடு. காரைக்கால்காரருக்கு வந்தால் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி, வழியெல்லாம் தமிழ்நாடு. அதிர்ஷ்டம் இன்னும் மோசமாக இருந்தால் மேற்குக் கடற்கரையில் மாஹே, அல்லது ஆந்திரத்தில் கோதாவரி ஓரத்து ஏனாம். நாலு துண்டாகக் கிடக்கும் ஒரு யூனியன் பிரதேசத்தில் வாழ்வதற்கான விலை அது.

திருநள்ளாறு பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாக ஒரு சிறு பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை எழுதி வருகிறார். கொல்லை முருங்கை, மாமியாரின் வைத்தியம், மகன் பேசக் கற்றுக்கொண்ட பழைய கதை, அரசலாற்றில் தண்ணீர் வந்த நாள் என்று எல்லாம் வீட்டுச் சங்கதி. வாசகர்கள் உண்டு. திடீரென்று ஒரு வருடத்தில் மூன்றும் சேர்ந்து வருகின்றன: மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிவு, மகன் பிளஸ் டூ, மாஹேவுக்கு மாறுதல் என்று ஆபீஸில் பேச்சு. எதை முதலில் கைவிடுவார்? எழுத்தைத்தான். எழுத்துக்கு வருகைப் பதிவேடு கிடையாது. வராவிட்டால் சம்பளம் பிடிப்பவரும் கிடையாது.

கைவிடுவதில் தப்பில்லை. கைவிடும் விதத்தில்தான் சிக்கல். மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பத்திரிகை ஆசிரியரைப் பார்க்கிறார்.

"என்ன டீச்சர், ரெண்டு மாசமா கட்டுரையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கண்ணே. வீட்ல கொஞ்சம் வேலை."

"அடுத்த மாசம் வந்துடும்ல?"

"வந்துடும், வந்துடும்."

கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான் இந்த அத்தியாயத்தின் பொருள். அது ஒரு கடன்சீட்டு. மாதாமாதம் வட்டி ஏறும். எழுதவும் முடியாது, எழுதவில்லை என்ற உறுத்தலும் போகாது. ஆறு மாதம் கழித்து அந்த ஆசிரியரைத் தெருவில் கண்டால் டீச்சர் எதிர்ப்பக்கம் நடப்பார். எழுத்தை நிறுத்தியவர்களில் பலர் இழப்பது எழுத்தை மட்டுமில்லை, எழுத்தால் வந்த மனிதர்களையும்தான். வியாபாரக் குடும்பங்களில் கடையை மூடுவதற்கு முன் ஐந்தொகை போடுவார்கள்: கையில் என்ன இருக்கிறது, யாருக்குத் தரவேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும். எழுத்திலிருந்து ஒதுங்குபவருக்கும் அதே வேலை இருக்கிறது.

இந்தக் கரையில் நாள் தவறாமல் எழுதியவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் வணிகர், பிறகு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை, இருபத்து நாலு வருடத்துக்கு மேல், நாட்குறிப்பு எழுதினார். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பிடித்ததும் 1760இல் ஆங்கிலேயர் அதைப் பறித்ததும் அந்தக் காலத்துக்குள் அடங்கும். கப்பல் வந்தது, கவர்னர் கோபித்துக்கொண்டது, யாருக்கு எந்த மரியாதை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை எல்லாமே அதில் உண்டு. வியாபாரியின் புத்தி, வரவு செலவு எழுதுகிறவன் பேச்சையும் வரவு வைத்தான்.

அப்படிப்பட்டவருடைய குறிப்பிலும் ஓட்டைகள் உண்டு. எழுதாத நாட்கள், ஏடு கிடைக்காத காலங்கள் என்று இடையிடையே விட்டுப் போயிருக்கிறது. கடைசி வருடங்களில் பதவியும் போய், உடம்பும் படுத்தியது. 1761 ஜனவரி 12ஆம் தேதி இறந்தார். அடுத்த நாலைந்து நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஊரே இடிபட்ட அந்த நிலையில் நாட்குறிப்பும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சகோதரர் மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை ஏட்டைக் கையிலெடுத்து 1761இலிருந்து 1768 வரை தொடர்ந்தார். புதுச்சேரியில் வீரா நாயக்கர் போன்ற வேறு சிலரும் பின்னால் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் ஏடுகளை 1846இல் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் ஆங்கிலத்தில் வந்தன. எண்பத்தைந்து வருடம் யாரும் கேட்காத ஏடுகள் கெடாமல் ஓரிடத்தில் இருந்ததால் நடந்த காரியம் அது. எழுதியவரின் கெட்டிக்காரத்தனத்தில் பாதியை வைத்துக்காத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆக, முதல் கேள்வி: ஒதுங்குவது என்றால் எந்த வகையில் ஒதுங்குவது?

அதற்கு முன் இன்னொரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டதா, அல்லது வெறும் அலுப்பா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகத்தான் தெரியும். ஒரு வழி உண்டு. இரண்டு வாரத்துக்கு, ராத்திரி படுக்கப்போகுமுன், அன்றைய பொழுது எங்கே போனது என்று ஒரு தாளில் நாலு வரி குறித்து வைப்பது. சமையல், ஆஸ்பத்திரி, பஸ், பிள்ளையின் படிப்பு, போன். பதினைந்தாம் நாள் அந்தத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். போனில் தினம் ஒன்றரை மணி நேரம் போயிருந்தால் அது அலுப்பு; ஒரு மாதம் எழுதாமல் இருந்தால் சரியாகிவிடும். எங்கு தேடினாலும் அரை மணி நேரம்கூட மிச்சமில்லை என்றால், அல்லது மிச்சம் இருந்தும் அந்த நேரத்தில் வயதானவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் மனசு சொல்கிறது என்றால், அது முன்னுரிமை மாறிய கதை. அதை எதிர்த்து மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

மாறிவிட்டது என்று தெரிந்தபிறகு, வேகத்தைக் குறைக்கலாம், கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம், இன்னொருவர் கையில் கொடுக்கலாம், முடித்தும் விடலாம். தமிழில் எல்லாவற்றுக்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள்.

வேகத்தைக் குறைத்தவர்களில் சி. சு. செல்லப்பாவைச் சொல்ல வேண்டும். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். மாத இதழ். புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அது செய்தது வரலாறு. ஆனால் பணம் பார்த்த பத்திரிகை இல்லை. புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். கடைசிக் கட்டத்தில் மாத இதழ் காலாண்டிதழானது. 119 இதழோடு 1970இல் நின்றது. முடியாதபோது முதலில் இடைவெளியை நீட்டிப் பார்த்தார், பிறகுதான் நிறுத்தினார். இந்த வரிசை கவனிக்கத் தக்கது. மாதம் ஒன்று எழுதுபவர் ஒரேயடியாக நிறுத்துவதற்கு முன் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் பாரமாக இருந்தால் சந்தேகம் இல்லாமல் போய்விடும்.

வருடத்துக்கு ஒன்று என்பதும் கௌரவமான கணக்குத்தான். காரைக்கால்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிக்கிறார்கள். சிலது தலையில் விழும், சிலது தரையில் நசுங்கும். தெரு முழுக்க மாம்பழ வாசனை. மறுநாள் முதல் அடுத்த ஆனி வரை ஒரு மாம்பழமும் பறப்பதில்லை. அதற்காகத் திருவிழா நின்றுபோனது என்று யாரும் சொல்வதில்லை. தேதி தெரிந்திருப்பதால் வரும் நிம்மதி அது. வருடத்துக்கு ஒரு பொங்கல் கட்டுரை என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டால் மற்ற பதினோரு மாதமும் எழுதுபவர் கடனாளி இல்லை.

அந்தத் திருவிழாவின் நாயகியே இந்த விஷயத்தில் ஒரு தலைகீழ் உதாரணம். புனிதவதி, காரைக்கால் வணிகக் குடும்பத்துப் பெண். கணவன் பரமதத்தன் விலகிப் போனபின் இல்லறத்தையும் அழகையும் உதறிப் பேயுருக் கேட்டு வாங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதன்பிறகுதான் அவரது பாட்டுக்கள்: அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, இரண்டு மூத்த திருப்பதிகங்கள். வீட்டுக் கடமை முடிந்த இடத்தில் அவருக்கு எழுத்து ஆரம்பம். மற்றவர்களுக்கு வீட்டுக் கடமை ஆரம்பிக்கும் இடத்தில் எழுத்துக்கு முடிவு. பெண்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. ஆண் எழுத்தாளர் 'எழுத நேரமில்லை' என்றால் ஊரே உச்சுக் கொட்டும். பெண் எழுதுவதை விட்டால் வீட்டில் ஒருவர் கவனித்தாலே பெரிது.

கொஞ்ச காலம் நிறுத்திவைப்பதற்கு நல்ல உதாரணங்கள் இரண்டு. ந. பிச்சமூர்த்தி கும்பகோணத்தில் வக்கீல். பிறகு அறநிலையத் துறையில் கோயில் நிர்வாக அதிகாரி. 1930களில் வசன கவிதை எழுதத் தொடங்கிய முன்னோடி, நடுவில் பத்து வருடத்துக்கும் மேல் கவிதைப் பக்கம் வரவில்லை. 'எழுத்து' வந்ததும் திரும்பினார். புதுக்கவிதை இயக்கம் அவரைத் தந்தையாக ஏற்றுக்கொண்டது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை பார்த்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில் எழுதுவதை நிறுத்தி, எழுபதுகளின் தொடக்கம் வரை சில வருடம் மௌனம். திரும்பி வந்தபோது பழைய சுந்தர ராமசாமி இல்லை. கவிதைகள் 'நடுநிசி நாய்கள்' என்று 1975இல் தொகுப்பாயின, 1981இல் 'ஜே. ஜே: சில குறிப்புகள்' வந்தது. மௌனம்தான் அதைத் தந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மௌனம் அவரைக் கெடுக்கவில்லை என்பது நிச்சயம். சில வருடம் எழுதாவிட்டால் கை துருப்பிடித்துவிடும் என்று பயப்படுபவர்கள் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் கைக்குக் கொடுப்பது என்பதற்கும் சுந்தர ராமசாமியே சாட்சி. 1988இல் அவர் தொடங்கிய 'காலச்சுவடு' சில இதழ்களுக்குப்பின் நின்றது. 1994இல் மகன் கண்ணன் பொறுப்பில் மறுபடி வந்தது, இன்றுவரை வருகிறது. திருவேங்கடம் பிள்ளை செய்ததும் இதுதான். கைமாற்றிக் கொடுப்பதில் ஒரு நிபந்தனை: கொடுத்தவர் பின்னாலிருந்து கையைப் பிடித்து எழுதக்கூடாது. டீச்சரின் பகுதியை அவருடைய மாணவி ஒருத்தி எடுத்து எழுத ஆரம்பித்தால், முருங்கைக்குப் பதில் அவள் போன் ரிப்பேர் கடையைப் பற்றி எழுதலாம். எழுதட்டும்.

வேறு வேலைக்குத் திரும்புவது தனி வகை. காரைக்காலுக்கு வடக்கே, செம்பொனார்கோயில் அருகே புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி அருமையான சிறுகதைகள் எழுதியவர். மனம் நாடகத்தின் பக்கமும் தெருக்கூத்தின் பக்கமும் போனது. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு; 2018இல் இறக்கும்வரை அதுவே அவர் முகவரி. ஸ்ரீரங்கத்தில் குமுதினி, வீட்டு விஷயங்களை நகைச்சுவையாக எழுதுவதில் கைதேர்ந்தவர். 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்' என்று புத்தகத்துக்கே பெயர் வைத்தவர். காது கேளாமல் போனவர், காந்தியவாதி. திருச்சியில் சேவா சங்கத்தை உருவாக்கி, பெண்களுக்கான வேலைக்குத் தன் பொழுதைக் கொடுத்தார். இவர்களைப் பற்றி 'எழுத்தை விட்டுவிட்டார்களே' என்று புலம்புவது வாசகரின் சுயநலம்.

சிலருக்கு யோசிக்க அவகாசமே கிடைப்பதில்லை. வை. மு. கோதைநாயகி 1925இலிருந்து 'ஜகன்மோகினி' நடத்தினார். நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார். 1956இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்ததோடு எழுத்தும் நின்றுபோனது. அப்படிப்பட்ட நிறுத்தத்துக்கு வழிகாட்டி நூல் எதுவும் உதவாது.

இனி சொல்லும் விதம். நிறுத்துவதாகவோ குறைப்பதாகவோ முடிவு செய்தவர் முதலில் சொல்ல வேண்டியது பத்திரிகை ஆசிரியரிடம், அதன்பிறகு வாசகரிடம். நேரில் அல்லது போனில் ஆசிரியரிடம், ஒரு இதழாவது முன்கூட்டி. 'அண்ணே, தை மாசத்தோட நிறுத்திக்கிறேன். மார்கழிக்கும் தைக்கும் அனுப்பிடுவேன். இடத்துக்கு வேற ஆள் பாத்துக்குங்க' என்றால் போதும். ஆசிரியர் வற்புறுத்துவார். 'ஒரு பக்கமாவது எழுதுங்க டீச்சர்' என்பார். இரக்கப்பட்டுச் சரி சொன்னால் மறுபடி கடன்சீட்டு.

வாசகருக்கு எழுதும் குறிப்பு சின்னதாக இருக்கட்டும். இப்படி:

'பத்து வருடமாக இந்தப் பக்கத்தில் எழுதிவந்தேன். வீட்டில் ஒருவருக்கு என் துணை தேவைப்படுகிறது. இந்த இதழோடு நிறுத்திக்கொள்கிறேன். கடிதம் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பழைய கட்டுரைகள் வேண்டுமென்றால் ஆசிரியரிடம் பைண்டு பிரதி இருக்கிறது.'

இதில் நோயின் பெயர் இல்லை. திரும்பி வரும் தேதி இல்லை. மன்னிப்பும் இல்லை, யாருக்கும் தீங்கு செய்யாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? 'மீண்டும் சந்திப்போம்' என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காமல் இருப்பது உத்தமம். வந்தால் வந்ததே செய்தியாக இருக்கும்.

சொந்தமாகப் பத்திரிகை நடத்துபவருக்குச் சந்தாக் கணக்கு ஒன்று கூடுதலாக உண்டு. தமிழ்ச் சிறுபத்திரிகைகள் மறைந்தபோது ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் மூன்று இதழோடு திருப்திப்பட்டுக்கொண்டதே வழக்கம். யாரும் சண்டைக்கு வரவில்லை, அது வாசகரின் பெருந்தன்மை. பாக்கி இதழ்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாதவர் கைவசமுள்ள பழைய இதழ்களையோ புத்தகத்தையோ அனுப்பிக் கணக்கைச் சரிக்கட்டலாம். அச்சக பாக்கி இருந்தால் முதலில் அது.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது ஐந்தொகையில் அடுத்த வரி. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்து எழுதியது வேறு; வெளியிலிருந்து எழுதி அனுப்பிய கட்டுரையின் பதிப்புரிமை, எழுதிக் கொடுத்து மாற்றியிருந்தால் ஒழிய, எழுதியவரிடமே இருக்கும். இந்தியச் சட்டப்படி அவர் வாழ்நாளுக்குப் பிறகும் அறுபது ஆண்டு அது செல்லும். உரிமை கொடுத்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய பதிப்பகம் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, உரிமை எழுதியவருக்கே திரும்பும். எழுதும் காலத்தில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஒதுங்கும்போதுதான் பீரோவைத் திறந்து ஒப்பந்தத் தாளைத் தேடப் பொழுது கிடைக்கும். தேடி எடுத்து, எந்தக் கட்டுரை எங்கே வந்தது, எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் புண்ணியம்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. சொந்த வாழ்க்கையை எழுதுபவர் தன் வாழ்க்கையை மட்டும் எழுதுவதில்லை. டீச்சர் பத்து வருடத்துக்கு முன் எழுதியபோது மகனுக்கு ஏழு வயது. அவன் படுக்கையை நனைத்த கதையை வாசகர்கள் ரசித்தார்கள். இப்போது அவன் பிளஸ் டூ; வகுப்பில் யாராவது அந்தப் பழைய இதழைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மாமியாரின் மருந்துச் சீட்டு விவரம், நாத்தனாரின் கல்யாணம் தட்டிப்போன காரணம், பிரான்சில் இருக்கும் சித்தப்பா பணம் அனுப்பிய, அனுப்பாத வரலாறு எல்லாம் அச்சில் கிடக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகளில் சம்பந்தப்பட்டவர்கள் அது அச்சாகும்போது உயிரோடு இல்லை. டீச்சர் எழுதிய ஆட்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்கள். அச்சானதை அழிக்க முடியாது. புத்தகமாகத் தொகுக்கும்போது நீக்கலாம். ஒதுங்கும் வேளையில் பழைய கட்டுரைகளை ஒரு சுற்று படித்து, எது எது வேண்டாம் என்று பென்சிலால் குறி போட்டு வைப்பது நல்லது. மகனிடமே கொடுத்துக் குறி போடச் சொன்னால் இன்னும் நல்லது. 'அம்மா, இது வேணாம்மா' என்று அவன் சொல்வதை விவாதிக்காமல் ஏற்க வேண்டும்.

நிறுத்திய முதல் மூன்று மாதம் ஒரு விசித்திரமான தொந்தரவு இருக்கும். எதைப் பார்த்தாலும் மனசு முதல் வரியைப் போடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துக் கிழவி சொல்லும் வாசகம் ஒன்று போதும், தலைப்பு தயார். இதற்கு மருந்து, சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று. கட்டுரையாக்காமல் இரண்டு வரி, தேதி போட்டு. யாருக்கும் அனுப்பவேண்டாம், அழகாக இருக்கவும் வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகளும் வாசகருக்காக எழுதியவை இல்லை. தினமும் எழுத வேண்டும் என்று விரதம் எடுத்தால் அதுவும் சீக்கிரம் கடனாகிவிடும். தோன்றிய அன்று எழுதினால் சரி.

செல்லப்பா விஷயத்தில் இன்னொரு சேதி பாக்கி இருக்கிறது. 'எழுத்து' நின்று இருபத்தேழு வருடம் கழித்து, 1997இல், 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகத்தில் ஒரு பெரிய நாவலைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் இறந்தார். 2001இல் அதற்கு சாகித்திய அகாதெமி பரிசு. விடுதலைப் போராட்டக் காலத்தின் நினைவுகள் எங்கோ பத்திரமாக இருந்ததால்தான் அந்த வயதில் அப்படி எழுத முடிந்தது.

பத்திரம் என்பதை இந்தக் கடற்கரையில் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, கரையான், இராமபாணப் பூச்சி நாலும் காகிதத்துக்கு எமன். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2018 நவம்பர் கஜா புயலையும் பார்த்த ஊர் இது. பழைய இதழ்களைத் தரையை ஒட்டிய தட்டில் வைப்பது இங்கே சூதாட்டம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும்; பழைய பருத்தித் துணியில் சுற்றி வைப்பது மேல். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, மிளகு, இலவங்கம், பட்டை, கருஞ்சீரகம் எல்லாம் இடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைக்கும் பழக்கம் உண்டு. வீட்டிலும் செய்யலாம், நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் கிடைக்கும், வாசனை தீர்ந்ததும் மாற்ற வேண்டும். எழுதியதை ஒரு மதியம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து, ஒரு பிரதியைப் புதுச்சேரியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். சிறுபத்திரிகை நடத்தியவர்கள் முழுத் தொகுப்பு ஒன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்க முயலலாம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆசையாகச் சேர்த்தவற்றிலிருந்து 1994இல் உருவான நிறுவனம் அது. கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும்கூட அங்கே ஆவணம்.

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடட்டும். மழை இறங்கியபிறகு அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்ய நேரம் கிடைக்காது.